முனியாண்டிக்கு ஒரு ஜோடி

பக்கத்து வீட்டில் ஆட்டுத் தலை வாட்டுகிறார்கள் என்றுதான் உடையப்பன் முதலில் நினைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசலுக்கு வந்து பார்த்தால், கார் நிற்க வேண்டிய இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள் அவருடைய மனைவி நல்லம்மாள். ஒரு கையில் வயர் வைத்த பேனா. இன்னொரு கையில் அவருடைய பெல்ட்டு.

"என்னா பண்றே நல்லம்மா?"

"படம் போடறேன்."

"என் பெல்ட்டுலயா?"

"பழசுதானேங்க. மூணு வருசமா நீங்க கட்டவே இல்ல. வயிறு விடல."

"அதுக்காகக் கொளுத்துவியா?"

"கொளுத்தலலா. சூட்டுல எழுதுறது. இருங்க, இந்த ஒரு இலை முடியட்டும்."

இலை முடியவில்லை. பெல்ட்டிலிருந்து ஒரு மஞ்சள் புகை எழுந்து இரண்டு பேர் கண்ணிலும் புகுந்தது. இருவரும் மாறி மாறி இருமினார்கள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மலாய்க்காரப் பெண் நோரா எட்டிப் பார்த்து, "காக், பாக்கார் அப்பா?" என்று கேட்டாள். என்ன சுடுகிறீர்கள் என்று.

"பெல்ட்டு," என்றார் உடையப்பன்.

நோரா சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் வரிசை வீடுகளில், ஒரு வீட்டு மீன் கருகினால் பத்து வீட்டுக்குத் தெரியும். பெல்ட்டு கருகினால் கேட்கவே வேண்டாம்.

நல்லம்மாளுக்கு வயது அறுபது முடிந்திருந்தது. இருபத்தேழு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கையுறையில் காற்றை அடித்து, விளக்குக்கு நேரே பிடித்து, ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து 'ரிஜெக்ட்' கூடையில் போடுகிற வேலை. அவள் கண்ணைத் தாண்டி ஓட்டைக் கையுறை ஒன்று வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசரே பிரிவுபசார விருந்தில் சொன்னார். ஓய்வு பெற்ற முதல் மாதம் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டில் இருப்பவற்றிலெல்லாம் ஓட்டை பார்க்க ஆரம்பித்தாள். கொசுவலையில், தண்ணீர்க் குழாயில், கடைசியில் உடையப்பன் பேச்சில்.

"நீ ஏதாச்சும் ஒரு வேல தேடிக்க, புண்ணியமாப் போவும்," என்று அவர் கும்பிட்டார். முப்பது வருடம் லோரி ஓட்டியவர். வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று வந்திருந்தவர்.

அப்போதுதான் கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தாள். தோல் துண்டு ஒன்றில், சூடான பேனாவால், கோடு கோடாக இழுத்து ஓர் ஆந்தையை உட்கார வைத்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். காப்பி நிறத்தில் ஒவ்வோர் இறகும் எழுந்து வந்தது. நல்லம்மாள் அதை ஏழு முறை பார்த்தாள். எட்டாவது முறை, பேனாவை ஆன்லைனில் வாங்கிவிட்டாள்.

"இதுநாள் வரைக்கும் அடுத்தவன் செஞ்சதுல குத்தம் கண்டுபிடிச்சேன்," என்றாள் கணவரிடம். "நானா ஒண்ணு செஞ்சு பாக்கறேனே."

பெல்ட்டு அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், கடையில் விற்கிற தோலெல்லாம் இதற்கு ஆகாது என்பது. ரசாயனத்தில் பதம் போட்ட தோல் சுட்டால் புகை நெஞ்சைப் பிடிக்கும். இரண்டாவது பாடத்தைப் பழைய கைப்பை கற்றுக்கொடுத்தது. 'அசல் லெதர்' என்று அச்சடித்திருந்த அந்தப் பை, பேனா பட்டதும் சீஸ் மாதிரி உருகி மேசையில் ஒட்டிக்கொண்டது.

"அசல் பிளாஸ்டிக்," என்றார் உடையப்பன்.

பிறகு விசாரித்து, மரப்பட்டைச் சாற்றில் பதம் போட்ட தோலைக் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்தாள். பிஸ்கட் நிறத்தில், விரல் நகம் பட்டாலே தழும்பு விழுகிற தோல். அதில் சூட்டைக் குறைத்து வைத்து, மெதுவாக, கை நிற்காமல் இழுக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒரு நொடி தயங்கினால் அங்கே கருப்புப் பொட்டு. சூடு அதிகமானால் தோல் சுருங்கி, கிழவன் முழங்கை மாதிரி ஆகிவிடும். தப்பாகப் போட்ட கோட்டை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. இவை எல்லாவற்றையும் விட நல்லம்மாளுக்குப் பிடித்தது அதுதான். இரண்டு மாதத்தில் பதினொரு சாவிக்கொத்து செய்து, அதில் ஒன்பதைத் தானே 'ரிஜெக்ட்' என்று ஒரு பிஸ்கட் டின்னில் போட்டாள்.

"இது என்னா, கோழியா?" என்றார் உடையப்பன், தேறிய இரண்டில் ஒன்றை எடுத்து.

"புறா."

"நாசி ஆயாம் கடைக்காரன் கோழிச் சோத்துக்குக் கேப்பான். பத்தரமா வையி."

கேலி செய்தாலும் அதைத்தான் அவர் கார் சாவியில் மாட்டிக்கொண்டார்.

வம்பு வந்தது உடையப்பனின் அக்கா ராக்காயி வழியாக. எழுபது வயது. சித்தியவானுக்கு அருகே ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரப் பட்டையில் சாய்வாகக் கோடு கீறிப் பால் எடுக்கிற வேலை. தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய்க்கான செம்பனை, வீடுகளும் இல்லை. மிச்சம் இருப்பது செம்பனைக்கு நடுவே முனியாண்டி மட்டும்தான். ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு, மீசையும் அரிவாளுமாக மேடைமேல் உட்கார்ந்திருப்பார். வருடத்துக்கு ஒரு முறை, தோட்டத்திலிருந்து சிதறிப் போன குடும்பமெல்லாம் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து கூடிப் பூசை போடும். அந்தப் பூசைக்கு ராக்காயிதான் எல்லாம். பூசாரி பத்துமலைகூட மணியடிப்பதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார்.

அந்த ராக்காயி ஒரு நாள் குனோங் ராபாட் வீட்டுக்கு வந்து, கார் நிறுத்துமிடத்தில் தோலைப் பார்த்துவிட்டார்.

"மாட்டுத் தோலா?"

"ஆமா அண்ணி."

"சாமி ரூம் இருக்குற வீட்டுல?"

"வீட்டுக்குள்ள கொண்டு போகல அண்ணி. வெளியிலதான் வச்சிருக்கேன்."

"வாசப்படி தாண்டக் கூடாது. சொல்லிட்டேன். ஒரு துண்டுகூடத் தாண்டக் கூடாது."

அன்றிலிருந்து மேசை, பேனா, தோல், ரிஜெக்ட் டின் எல்லாமே வெளியே. மழைச் சாரல் அடித்தால் உடையப்பனின் பழைய லோரி கித்தானைப் போட்டு மூடுவாள்.

பூசைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது சித்தியவானில் கூட்டம் போட்டார்கள். முனியாண்டிக்கு வருடா வருடம் புதுத் தோல் செருப்பு ஒரு ஜோடி வைப்பது வழக்கம். உள்ளே எந்தக் கோவிலிலும் தோல் ஆகாது. காவல்காரரான முனியாண்டிக்கு மட்டும் ஆகும், ராவெல்லாம் எல்லை சுற்றுகிறவர் வெறுங்காலோடா சுற்றுவார்? ஈப்போ லிட்டல் இந்தியாவில் ஒரு கடையில் ஒன்றேகால் அடி நீளத்தில் சொல்லி வைத்து வாங்குவார்கள். இந்த வருடம் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். இந்தியாவிலிருந்து சரக்கு வரவில்லை.

"சாதா செருப்பு ஒண்ணு வாங்கி வச்சிரலாமா?" என்றார் பத்துமலை.

"சைஸ் ஒம்பதா? அவரு என்ன பாசாருக்கு மீன் வாங்கவா போறாரு?" என்றார் ராக்காயி.

காற்றாடி மட்டும் சுற்றியது.

"நான் செஞ்சு தர்றேன்," என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்பது நல்லம்மாளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

உடையப்பன் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீயா?" என்றார் ராக்காயி. "நீ கையுறையில ஓட்ட பாத்தவ."

"செருப்புலயும் ஓட்ட இல்லாமப் பாத்துக்கறேன் அண்ணி."

இரண்டு பேர் சிரித்தார்கள். ராக்காயி சிரிக்கவில்லை.

"வெறும் செருப்பா?"

"படம் போட்டு. சூட்டுல."

"சூலம் கீலம் போட்றாத. சாமி சாமானக் காலுல மிதிக்க வச்ச பாவம் நமக்கு வேணாம்."

"ரப்பர் எலை போடுறேன் அண்ணி. மூணு எலைக் கொத்து. சுத்தி வர பால்மரத்துக் கோடு, நீங்கள்லாம் வெட்டுவீங்களே, அது மாதிரி."

ராக்காயியின் முகத்தில் என்னவோ ஓடியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கோடுன்னா எந்தப் பக்கம் சாயும்? தெரியுமா ஒனக்கு? எடது பக்கம் ஒசரம், வலது பக்கம் எறக்கம். எந்த மரத்துலயும் அப்படித்தான். மாத்தி வெட்டுனா பால் ஓடாது. வேலைய மேப்பாக்குற தண்டல் கிட்ட ஏச்சு வாங்கணும். பூசைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு பால் வெட்டுனவங்க. சாய்வு மாறுச்சு, சிரிச்சே கொன்னுருவாங்க."

"மாறாது அண்ணி."

"மாறுச்சுன்னா?"

"மாறாது."

"சரி. செருப்பு அவருக்கு ஆகுற மாதிரி இருந்தா நீ என்ன வேணாலும் சுட்டுக்க, நான் வாயத் தொறக்கல. ஆகலன்னு வையி, அந்தப் பேனாவ எங்கிட்டக் குடுத்துரு. வீட்டு வாசல்ல மாட்டுத் தோலப் பரப்பி வச்சிக்கிட்டு. எனக்குப் பிடிக்கவே இல்ல."

"அக்கா..." என்று இழுத்தார் உடையப்பன்.

"நீ சும்மா இரு. அவ சொல்லட்டும்."

"குடுத்துர்றேன் அண்ணி," என்றாள் நல்லம்மாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் உடையப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். "ஒரு புறாவே இன்னும் சரியா வரல. நேரா முனியாண்டிக்குப் போயிட்டே."

"ஒங்க காலக் காட்டணும் எனக்கு."

"எதுக்கு?"

"அளவுக்கு."

மறுநாள் அவரைத் தாளின்மேல் நிற்க வைத்தாள். வலது காலில் கௌட் வந்து கட்டைவிரல் கொய்யாக்காய் மாதிரி வீங்கியிருந்ததால் இடது காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தாள். அதற்குள்ளே இலைக் கொத்து. விளிம்பைச் சுற்றி, இடது உயர்ந்து வலது இறங்கும் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் போட்டாள். சாய்வைச் சரிபார்க்க, பால் வெட்டும் வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

தாளைப் பெரிதாக்க வேண்டும். பாசார் பக்கத்துப் போட்டோஸ்டாட் கடைக்குப் போனாள். கடையில் ஒரு மலாய்ப் பெண், துடுங்கு முக்காட்டுக்கு மேலே காதில் பென்சில் சொருகியிருந்தவள், படத்தைப் பார்த்துவிட்டு, "செருப்பா அண்ட்டி? எத்தனை?" என்று மலாயில் கேட்டாள்.

"துவா," என்றாள். இரண்டு என்று.

அவள் கெட்டிக்காரி. ஒன்றை அப்படியே அடித்துவிட்டு, இன்னொன்றை இயந்திரத்தில் எதையோ அழுத்தி இடம்வலமாகத் திருப்பி அடித்தாள். "இது தெர்பாலிக், அண்ட்டி," என்று நீட்டினாள்.

நல்லம்மாள் வாங்கிப் பார்த்தாள். அவள் கண் நேராகப் போனது கோடுகளுக்கு. எல்லாக் கோடும் வலது உயர்ந்து இடது இறங்கி நின்றது. எந்த மரத்தில் இப்படி வெட்டுவார்கள்? ராக்காயியின் முகம் தாளிலேயே தெரிந்தது.

"தாக் போலே, தாக் போலே! சாமா. துவா-துவா சாமா." கூடாது, இரண்டும் ஒரே மாதிரிதான் வேண்டும் என்று.

"ஆனா அண்ட்டி..."

"சாமா," என்றாள் நல்லம்மாள், இருபத்தேழு வருடக் குரலில்.

அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள். ஒரே மாதிரி இரண்டு அடித்துக் கொடுத்தாள்.

முதல் செருப்புக்குப் பதினாறு நாள் ஆனது. காலையில் உடையப்பன் ரொட்டி சானாய் சாப்பிடப் போனதும் பேனாவைச் சொருகுவாள்; வெயில் மேசைக்கு வந்ததும் நிறுத்துவாள். இலையின் நரம்புகளை மெல்லிசாக, இலையின் ஓரத்தைக் கொஞ்சம் அழுத்தமாக. தோல் கருகும் வாசனைக்கு நோரா பழகிவிட்டாள். ஒரு நாள் வாசனை வராததால், "காக், உடம்பு சரியில்லையா?" என்று கேட்கவே வந்துவிட்டாள்.

முதலாவது முடிந்ததும் செய்தித்தாளில் சுற்றிச் செருப்பு அலமாரியின் உச்சியில் வைத்தாள். வீட்டுக்குள் கொண்டுபோக வழியில்லை. வெளியே விரித்து வைத்தால் வெயில் பட்டு நிறம் மாறும். பிறகு இரண்டாவது. இரண்டாவது தாளை ஒட்டி, வெட்டி, மீண்டும் இலை, மீண்டும் நரம்பு, மீண்டும் கோடு. இது முதலாவதைவிட நன்றாக வந்தது. கை பழகிவிட்டிருந்தது. கடைசிக் கோட்டை இழுத்துவிட்டுப் பேனாவை எடுத்தபோது அவளுக்கே தன்னை நம்ப முடியவில்லை. சாய்வு மாறவில்லை. கருப்புப் பொட்டு இல்லை. விளக்கைக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் தேடினாள். ரிஜெக்ட் பண்ண ஒன்றுமில்லை.

பூசைக்கு முதல் நாள், சனிக்கிழமை மதியம், வார் மாட்டும் வேலையை உடையப்பன் எடுத்துக்கொண்டார். சுத்தியல், செம்பு ஆணி எல்லாம் தயார். செய்தித்தாளைப் பிரித்து இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கட்டைவிரல் வளையத்துக்கு ஓட்டை போட வேண்டும். குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.

"நல்லம்மா."

"என்னாங்க? அழகா இருக்குல்ல?"

"அழகாத்தான் இருக்கு. கட்டவெரலு எங்க வரும்?"

"உள்பக்கம்."

"இதுக்கு?"

"உள்பக்கம்."

"இதுக்கு எது உள்பக்கம்?"

அவள் வந்து நின்றாள். அவர் தன் இடது காலை முதல் செருப்பின் மேல் வைத்தார். பெரிய செருப்பில் குழந்தைக் கால் மாதிரி இருந்தாலும் வளைவுக்கு வளைவு பொருந்தியது. பிறகு அதே காலைத் தூக்கி இரண்டாவதின் மேல் வைத்தார். அதுவும் பொருந்தியது. அப்புறம் வீங்கிய வலது காலை வைத்தார். விரல் எல்லாம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

"ரெண்டும் எடது," என்றார்.

நல்லம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெர்பாலிக், அண்ட்டி. காதில் பென்சில் வைத்த பெண் எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள்! கோட்டின் சாய்வைப் பார்த்த கண் காலைப் பார்க்கவே இல்லை.

உடையப்பன் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. வயிறு குலுங்கியது.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க."

"இல்லலா... சாமி ஒரே எடத்துல வட்டம் அடிக்கிற மாதிரி நெனச்சுப் பாத்தேன்..." என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அருகே உட்கார்ந்தார். "சரி, ஒண்ணத் திருப்பிப் போட்டா?"

"படம் தரையப் பாக்கும். அடிப்பக்கம் பஞ்சு பஞ்சா இருக்கும், அதுல எழுத வராது."

"புதுசா ஒண்ணு?"

"தோல் இல்ல. சொன்னா வர நாலு நாளாவும். வந்தாலும் பதினாறு நாளு."

அவர் கொஞ்ச நேரம் சுத்தியலை உருட்டினார். பிறகு குரலைத் தணித்தார், நோராவுக்குத் தமிழ் தெரியும் என்பது போல.

"சொல்லாம வச்சிருவோம். மேடைக்குக் கீழதான வைப்பாங்க? நான் சாமந்தி மால ரெண்டு பெருசா வாங்கிட்டு வாரேன். விரல் பக்கம் மூடிட்டா எலையும் கோடும்தான் தெரியும். அக்கா சாய்வத்தான் பாக்கும். யாரு காலு எண்ணப் போறா?"

நல்லம்மாள் செம்பு ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் வாரை மாட்டினார், இரண்டையும் இடதாகவே. வேறு என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை காலை காரில் செருப்பு பின்சீட்டில் இருந்தது, பெரிய தட்டில், இரண்டு சாமந்தி மாலைக்குக் கீழே. பேனாவை அதன் பெட்டியோடு மடியில் வைத்திருந்தாள் நல்லம்மாள். உடையப்பன் அதைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார். ஈப்போவிலிருந்து சித்தியவான் வரை வழக்கமாகப் பத்து முறை "மெதுவாப் போங்க" என்பவள் ஒரு முறைகூடச் சொல்லாததால் அவருக்கே பயமாகி மெதுவாகத்தான் போனார்.

செம்பனைக்கு நடுவே இருபது கார் நின்றது. கூடாரம் போட்டு, பெரிய சட்டியில் கோழிக் குழம்பு கொதித்தது. மேடைமேல் முனியாண்டிக்குப் புது வேட்டி. பக்கத்தில் சுருட்டும் ஸ்டௌட் பீரும். ராக்காயி வந்தார். மூக்குக்கண்ணாடியைப் புடவை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கொண்டா."

நல்லம்மாள் தட்டை நீட்டினாள். ராக்காயி மாலையைக் கொஞ்சம் விலக்கி, விளிம்புக் கோட்டில் ஆள்காட்டி விரலை வைத்தார். மேலேயிருந்து கீழே, இடமிருந்து வலம், கத்தி இழுக்கிற மாதிரி இழுத்தார். அடுத்த கோடு. அடுத்தது. சுற்றி நின்ற பழைய பால்வெட்டு அம்மாக்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"சாய்வு சரியா இருக்கு," என்றார் ராக்காயி.

"ஏய், பாகுஸ்லா! நல்லாருக்கே! எலையப் பாரு, நரம்பு கூட இருக்கு," என்றது ஒரு குரல்.

"மெஷின்ல போட்டதா?"

"கையாலயாம்."

உடையப்பன் மூச்சு விட்டார். பத்துமலை தட்டை வாங்கக் கை நீட்டினார். அவ்வளவுதான், கொடுத்துவிட்டால் முடிந்தது.

நல்லம்மாள் தட்டை விடவில்லை.

"அண்ணி, அது ரிஜெக்ட்டு."

"என்னாது?"

"ரெண்டும் எடது காலு." மாலைகளை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள். "சாய்வு மாறக் கூடாதுன்னு ஒரே தாள ரெண்டு தடவ வச்சிட்டேன். நேத்துத்தான் தெரிஞ்சது. மூடி வச்சிக் குடுத்துரலாம்னுதான் வந்தேன். முடியல. இருவத்தேழு வருசம் கண்ணுல பட்ட ஓட்டைய நான் விட்டதில்ல, இப்ப விட்டா எப்படி? அவருக்கு ஆகாது. பேனா இந்தாங்க, கொண்டாந்திருக்கேன்."

யாரோ ஒருவர் 'க்ளுக்' என்றார். அது பரவியது. கூடாரத்துக்குப் பின்னால் வெங்காயம் உரித்தவர்களுக்கும் சேதி போய், அங்கேயிருந்தும் சிரிப்பு வந்தது.

பத்துமலை சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தார். "ஜோடி இல்லாம எப்படிக்கா வைக்கிறது? நான் இதுவரைக்கும் அப்படி வச்சதில்லையே."

ராக்காயி பேனாப் பெட்டியை வாங்கிக்கொண்டார். திறந்து பார்த்தார், மூடினார். செருப்பைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு மேடையை அண்ணாந்து பார்த்தார்.

"பத்துமல. அவரு இங்க உக்காந்து எத்தன வருசம் இருக்கும்?"

"எங்கப்பா காலத்துல வச்சது. எழுவது இருக்கும்."

"எந்தக் கால மடக்கி வச்சிருக்காரு?"

எல்லாரும் நிமிர்ந்தார்கள். வேட்டிக்குக் கீழே வலது கால் மடங்கி இடது தொடைமேல் ஏறியிருந்தது. எழுபது வருடமாக அங்கேயேதான் இருந்தது.

"வலது," என்றார் பத்துமலை.

"தொங்குறது?"

"எட..." பத்துமலை பாதியில் நிறுத்தினார்.

"அப்பறம்? இத்தன வருசமா வலது கால் செருப்ப வாங்கி வாங்கி யாருக்குலா வச்சோம்?"

இப்போது பத்துமலையே சிரித்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. உடையப்பனுக்கு லோரி ஞாபகம் வந்துவிட்டது. "அதான்க்கா! ஒண்ணு ஓடும், ஒண்ணு ஸ்பேர் டயரு!" என்று கத்தினார்.

"நீ சும்மா இரு," என்றார் ராக்காயி, பழக்கத்தில்.

முதல் முறையாகச் செருப்பை மேடைக்குக் கீழே வைக்கவில்லை. தொங்கும் இடது காலுக்கு நேரே ஒன்றை வைத்தார் பத்துமலை. முட்டுக்கொடுக்கச் செங்கல் ஒன்றை உடையப்பன் தேடிக்கொண்டு வந்தார். கல் பாதமும் தோல் செருப்பும் வளைவுக்கு வளைவு பொருந்தி நின்றன. லோரி கிளச்சை மிதித்து மிதித்து உடையப்பனின் கட்டைவிரல் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்த அந்த இடம் உட்பட. இன்னொன்று அரிவாளுக்குப் பக்கத்தில், ஸ்பேர். மணி அடித்தது.

பூசை முடிந்து இலை போட்டபோது ராக்காயி வந்து நல்லம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேனாப் பெட்டி அவர் கைப்பையில் இருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் அதைப் பார்க்காமல் கோழியைப் பிய்த்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார் ராக்காயி.

"தெரியும் அண்ணி."

"கோட்ட மட்டும்தான் பாத்தேன்."

"நானுந்தான்."

ராக்காயி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். இரண்டு பக்கமும் கீறல். "இத வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. பைக்குள்ள போட்டா சாவி பட்டுக் கீறிக்குது. ஒரு உறை வேணும்."

"செய்யலாம் அண்ணி. ஆனா..."

"ஆனா என்னா?"

"பேனா ஒங்ககிட்டல்ல இருக்கு."

ராக்காயி பெட்டியை உருவி, குழம்புக் கை படாமல் முழங்கையால் அவள் பக்கம் தள்ளினார். "அவருக்கு ஆகிருச்சுல்ல. பேச்சு அதான."

"மழக்காலம் வருது அண்ணி. வெளியில கித்தானப் போட்டு மூடினாலும் தோல் நனையுது..."

"சாமி ரூம் பக்கம் கொண்டு போவக் கூடாது."

"சரி அண்ணி."

"குசினிக்குப் பின்னால ஒரு மூல இருக்குல்ல, அங்க வச்சிக்க. ஜன்னலத் தொறந்து வையி. அவன் மூக்கு தாங்காது."

எதிரே உட்கார்ந்திருந்த உடையப்பன், "என் பெல்ட்டே போச்சு, இனிமே மூக்கு என்னா," என்றார்.

நல்லம்மாள் சிரித்தாள். "கண்ணாடி உறையில என்னா போடட்டும் அண்ணி? எலையா?"

"கோடு போடு. மூணு கோடு போதும். சாய்வ மாத்திராத."

"மாத்த மாட்டேன்."

ராக்காயி ஒரு வாய் சோற்றைப் பிசைந்து, யோசித்து, கையை நிறுத்தினார்.

"வெட்டுறதுக்கு முன்னால தாள எங்கிட்டக் காட்டு."

"கண்ணாடி உறைக்கு எடது வலது கெடையாது அண்ணி."

"காட்டு," என்றார் ராக்காயி.